வெட்டி ஒட்டிய நம்பர்

அத்தியாயம் 6

மட்டக்குளிக்குப் போகும் வழியில் பைறோஸா அக்கா மூன்று முறை பெருமூச்சு விட்டார். முதலாவது வெயிலுக்கு, இரண்டாவது கொட்டாஞ்சேனை நெரிசலுக்கு. மூன்றாவது எனக்கு.

"அக்கா, ஏசியைப் போடட்டோ?" என்று கேட்டிருந்தேன்.

"இந்தக் காருக்கு ஏசி இல்ல சயந்தன்."

"தெரியும். கேட்டாலாவது கொஞ்சம் குளிருமெண்டு பாத்தன்."

பைறோஸா அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில், அடிபட்ட வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவர். ஆட்கள் சொல்லும் பொய்களைக் கேட்டுக் கேட்டுக் களைத்து வேலையை விட்டார். விட்டுவிட்டு, அதே பொய்களைத் தனியாகக் கேட்பதற்கென்று வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மேலே அறை எடுத்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அவருடைய முட்டுக்காலில் நோவு. மாடிப்படி ஏறும் வேலை, மழையில் நிற்கும் வேலை, வாயடிக்கும் வேலை மூன்றுக்கும் சேர்த்து என்னை வைத்திருக்கிறார். மூன்றாவதை மட்டும் நான் கேட்காமலே செய்வேன்.

முதல்நாள் மாலை கிளெமென்ற் எங்களிடம் வந்திருந்தார். முப்பத்தேழு வயது. மட்டக்குளியில் சொந்தமாக ஒரு சின்னக் கராஜ். பழைய வாகனங்களின் கறள் பிடித்த இரும்பை வெட்டி எறிந்து புது இரும்பு வைத்து ஒட்டுவதில் கெட்டிக்காரர். வெள்ளவத்தையைச் சேர்ந்த நாகேந்திரம் என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர், தன்னுடைய 1952ஆம் ஆண்டு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரை அவரிடம் திருத்தக் கொடுத்திருந்தார். இப்போது அதே நாகேந்திரம், கிளெமென்ற் தன் காரின் செஸியைக் களவாக மாற்றிவிட்டார் என்று பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கிளெமென்ற் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். போனால் திரும்பி வருவது அவர் கையில் இல்லை.

"உள்ளுக்குப் போட்டாக்கூட பரவால்ல மிஸ்," என்று அவர் சொல்லியிருந்தார். "செஸி நம்பர் வெட்டுறவன்னு ஒரு தடவ பேர் வந்துட்டா, கொழும்புல ஒருத்தனும் என் கையில வண்டி தரமாட்டான். எனக்கு வேற தொழில் தெரியாது."

நாங்கள் போனபோது மணி பதினொன்று. கிளெமென்ற் கராஜ் வாசலிலேயே நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

உள்ளே காரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். சிவப்பு நிற உடல் நான்கு பீப்பாய்களின் மேல் இருந்தது. பக்கத்தில் கட்டைகளின் மேல் அதன் எலும்புக்கூடு, நீளமான இரும்புச் சட்டம். அதைத்தான் செஸி என்பார்கள். வெள்ளவத்தைக் கடல் காற்று அதன் பின்பாதியை அப்பம் மாதிரி ஆக்கியிருந்தது. விரலால் குத்தினால் உதிரும். உக்கிய இரும்பை வெட்டும்போது சட்டம் முறுகாமலிருக்க, குறுக்கே இரண்டு கம்பிகளைப் பிடித்து ஒட்டி, மூலைக்கு மூலை நூல் கட்டி அளந்து வைத்திருந்தார். இவ்வளவு பொறுமையாகத் திருடும் கள்ளனை நான் கண்டதில்லை.

"எங்க அந்த நம்பர்?" என்று பைறோஸா அக்கா கேட்டார்.

சட்டத்தின் முன் இடப்பக்க நுனியைக் காட்டினார் கிளெமென்ற். இரும்பில் எழுத்தும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. அதைச் சுற்றி, தபால் உறை அளவில் ஒரு தழும்பு. வேறொரு சட்டத்தில் இருந்த நம்பரை இரும்போடு வெட்டியெடுத்து, இதில் பொருத்தி ஒட்டியிருக்கிறார்கள்.

"இத நீங்க எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"கையால சுரண்டிக்கிட்டு வந்தேன் மிஸ். ஐயா மூணு தடவ சொன்னாரு, முன் நுனியில கை வைக்காத, அது நல்லா இருக்கு, பின்னால மட்டும் செய்யின்னு. ஆனா பாதிக் கறளோட ஒரு செஸிய விட என்னால முடியாது. சுரண்டினேன். பாதி சுரண்டுறப்பவே தழும்பு தெரிஞ்சிச்சு. செவ்வாக்கெழம ஐயாவும் அவரோட கூட்டாளி ஸமீம் ஹாஜியாரும் வேலை பாக்க வந்தாங்க. காட்டினேன்."

"ரெண்டு பேருக்கும் முன்னுக்கா?"

"ஆமா. ஐயா, இது வெட்டி ஒட்டின நம்பர், உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். ஐயா குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் ஐயா ரோட்டுக்குப் போய்க் கத்த ஆரம்பிச்சாரு. என் செஸிய மாத்திட்டான், கள்ளன்னு. பஸ்ஸுக்கு நின்னவங்க, கடைக்கு வந்தவங்க, முப்பது பேர் பாத்தாங்க."

நான் சட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். "கறள் பிடிச்ச செஸியைக் களவெடுத்திட்டு, அதுக்குப் பதிலா இன்னொரு கறள் பிடிச்ச செஸியை வைச்சு, அதையும் மினக்கெட்டுத் திருத்திக் குடுக்கிற கள்ளன். பிறகு தானே ஆளைக் கூப்பிட்டு, இஞ்ச பாருங்கோ நான் களவெடுத்த இடம் எண்டு காட்டுறான். அக்கா, உலகத்திலயே நேர்மையான களவு இதுதான்."

அக்கா சிரிக்கவில்லை. தழும்பின் சுரண்டாத பாதியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கிளெமென்றிடம் ஒரு பிளேட் வாங்கி, பெயின்றைச் சாய்வாக மெல்லச் சீவினார். மேலே சிவப்பு. அதன் கீழ் பச்சை. அதற்கும் கீழ் மறுபடி சிவப்பு. அதன் கீழ்தான் தழும்பு.

"ரோட்டுக்குத் தெரியிற நுனி இது," என்றார் கிளெமென்ற். "உடம்புக்கு அடிச்ச பெயின்றையே இதுக்கும் அடிச்சிருக்காங்க."

"காரோட பதிவுப் புத்தகம் ஈக்கா?"

ஒரு பிரதி இருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறம் எழுதும் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றம். இரண்டாயிரத்து ஒன்பதில் பச்சையிலிருந்து சிவப்புக்கு.

"வெல்டிங் நெருப்புப் பட்டா பெயின்ற் கருகும்," என்றார் என்னிடம். "இங்க தழும்புக்கு மேல மூணு பூச்சும் கருகாம ஈக்கி. அப்ப பச்சை அடிக்கிறதுக்கு முந்தியே ஒட்டியாச்சு. தொண்ணூத்தாறுல ஒங்களுக்கு எத்தின வயசு கிளெமென்ற்?"

"எட்டு மிஸ்."

"எட்டு வயசில இப்பிடி வெல்டிங் செய்திருந்தா பொலிஸ் பிடிக்கக் கூடாது," என்றேன். "பள்ளிக்கூடத்தில பரிசு குடுத்திருக்க வேணும்."

கிளெமென்றின் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் இரத்தம் ஓடியது. அக்கா வெளியே போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் எடுத்தார். சிங்களத்தில் ஐந்து நிமிடம் கதைத்தார். திரும்பி வந்தபோது தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மனுசன் நல்லவர்தான். பெயின்ற் கதை எனக்கு விளங்குது, ஆனா அத நீதவானுக்குத்தான் வெளங்கப்படுத்தணும் எங்கிறார். அதுக்குள்ள பதினாலு நாள் உள்ளுக்கு. முறைப்பாடு செய்தவர் வாபஸ் எடுக்கணும். இல்லாட்டி யார் வெட்டின என்டு ஒராள் வந்து வாயால செல்லணும்."

கிளெமென்ற் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்பானர்.

அக்கா கார் உடலின் பக்கம் போய், சாரதிப் பக்கக் கதவைத் திறந்து ஒரு விரலால் தள்ளினார். கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது.

"கதவு நல்லா ஈக்கே."

"கதவுல ஒரு குறையும் இல்ல மிஸ். ஆனா ஐயா அத மேல தூக்கித்தான் சாத்துவாரு. எதுக்கு ஐயா தூக்குறீங்கன்னு கேட்டேன். பழக்கம்னு சொன்னாரு."

"அன்டைக்கும் ஹாஜியார் கூட வந்திருந்தாரா?"

"காரைக் கொண்டாந்து விட்ட அன்னிக்கா? ஆமா. ரெண்டு பேரும் எங்க போனாலும் ஒண்ணாத்தான் போவாங்க."

அக்கா மறுபடி பதிவுப் புத்தகத்துக்குத் திரும்பினார். கடைசியாக அவர் விரல் நின்ற இடம் முதல் பக்கத்தின் மூலை. அந்தப் புத்தகமே ஒரு மறுபிரதி. மூலப் புத்தகம் தீயில் அழிந்ததால் எண்பத்து நான்காம் ஆண்டு வழங்கப்பட்டது என்று முத்திரை இருந்தது. சொந்தக்காரர் நாகேந்திரம். அப்போது கொடுத்த விலாசம் பாமன்கடை, ஸமீம் என்பவரின் பராமரிப்பில்.

"எண்பத்து நாலு," என்றார் அக்கா. அதற்கு முந்தைய வருடம் கொழும்பில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

*

ஜும்ஆ தொழுகை முடிந்து ஸமீம் ஹாஜியார் வரும்வரை பாமன்கடையில் அவர் வீட்டு வாசலில் காருக்குள்ளேயே இருந்தோம். அக்கா பின்சீற்றில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு றோல்ஸ் வாங்கி வந்தேன். பாதியைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். முழுவதையும் நானே சாப்பிட்டதற்குப் பிறகு, கொஞ்சம் தந்திருக்கலாம் என்றார்.

ஹாஜியார் எழுபத்தாறு வயது மனிதர். வெள்ளைத் தொப்பி, நேரான முதுகு. ஒருகாலத்தில் பலகை வியாபாரம் செய்தவர். எங்களை உட்காரவைத்து, பிளேன்டீ வரவழைத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்டார்.

பைறோஸா அக்கா புத்தகத்தின் பிரதியை மேசையில் வைத்தார். மூன்று பூச்சுக்களின் கதையைச் சொன்னார். பிறகு கேட்டார்: "நம்பர வெட்டி ஒட்டின வெல்டிங் பாஸ் இப்ப உசிரோட ஈக்காரா ஹாஜியார்?"

ஹாஜியார் பிளேன்டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறியிருந்தது.

"மௌத்தாகிட்டார்," என்றார் கடைசியில். "தொண்ணூறுல."

அதன் பிறகு அவரை நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடம் ஒருவரிடமும் சொல்லாத கதை, வரிசை தப்பாமல் வந்தது.

எண்பத்து மூன்று யூலையில் நாகேந்திரம் மனைவியோடு அகதி முகாமுக்குப் போகும்போது, காரின் திறப்பை ஸமீமின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஸமீம் அதைத் தன் பலகை மடுவத்துக்குள் வைத்து, மேலே பலகை அடுக்கி மறைத்தார். மூன்றாம் நாள் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் மடுவத்தை விட்டுவிட்டார்கள். காரை மட்டும் ஒழுங்கைக்கு இழுத்து வந்து கொளுத்தினார்கள்.

"நான் பாத்துக்கிட்டு நின்டேன் புள்ள. ஒன்டும் செய்ய ஏலாமப் போச்சு. மறுகா யாழ்ப்பாணத்துலேர்ந்து நாகு காயிதம் போட்டான். வீடு போச்சு, சாமான் போச்சு, கார் ஒன்ட கையில ஈக்கி என்டு நெனச்சாத்தான் நித்திரை வருது என்டு எழுதியிருந்தான். அந்தக் காயிதத்துக்கு நான் என்ன பதில் எழுதுற?"

அவர் எழுதவில்லை. காரைத் தேடினார். எட்டு மாதம் தேடி, பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே வருடத்துக் கார் ஒன்றைப் பிடித்தார். எரிந்த சட்டத்திலிருந்து நம்பரை வெட்டியெடுத்து, புதிதாக வந்ததில் ஒட்டுவித்தார். சிவப்பும் அடித்தார். நாகேந்திரம் கொழும்புக்குத் திரும்பி வந்த நாளில் திறப்பைக் கொடுத்தார்.

"அவனுக்குத் தெரியவே தெரியா," என்றார் ஹாஜியார். "பழைய காருல டிரைவர் பக்கக் கதவு தொங்கும். தூக்கித்தான் சாத்தணும். மொத நாள் இதுல ஏறக்குள்ளயும் தூக்கிச் சாத்தினான். எனக்கு அப்பத்தான் மூச்சு வந்த. இன்னம் அப்பிடித்தான் செய்றான். அவன்ட மனசுல இது அதே கார்."

"செவ்வாக்கிழமை அவர் கிளெமென்றக் கள்ளன் என்டு கத்தக்குள்ள நீங்க பக்கத்துல நின்டீங்க."

"நின்டேன்."

"பொலிஸுக்கும் கூடப் போனீங்க."

"தனியப் போக ஏலாது, வா என்டு கூப்பிட்டான்."

"கிளெமென்ற் இன்டைக்கு நாலு மணிக்கு உள்ளுக்குப் போறார்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நான் அவருக்கு நல்ல லோயர் ஒராள வெச்சுத் தாரேன். எவ்வளவு போனாலும் பரவால்ல. நாகுக்கு மட்டும் தெரியப்படா. இந்த வயசுல அவனுக்கு அந்தக் கார் மறுபடியும் எரியப்படா புள்ள."

"அவருக்கு லோயர் வாணாம் ஹாஜியார். நீங்க வாயத் தொறந்தாப் போதும்."

அவர் திறக்கவில்லை. நாங்கள் எழுந்து வெளியே வந்தோம். நல்ல மனிதர்கள் மேல் கோபப்படுவதைப் போலக் களைப்பான வேலை வேறில்லை.

*

காருக்குள் ஏறியதும் அக்கா கேட்டார்: "சயந்தன், ஒரு கைப்பழக்கம் போக எத்தின நாள் எடுக்கும்?"

"என்ன பழக்கம் எண்டதைப் பொறுத்தது. நான் சிகரெட்டை விட்டு நாலு வருசம். இன்னும் விட்டு முடியேல்லை."

"எங்கட பழைய ஊட்டு பாத்ரூம் கதவ ஒதைச்சுத்தான் பூட்டணும். புது ஊட்டுக்கு வந்து ஒரு கிழமை அங்கயும் ஒதைச்சேன். மறுகா கால் தானா மறந்துட்டு."

நான் கியரை மாற்றப் போன கையை நிறுத்தினேன். எனக்கும் மெல்ல விளங்கத் தொடங்கியது.

நாகேந்திரத்தின் ப்ளெட் வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு கட்டடம் இந்தப் பக்கம், நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்கா ஒவ்வொரு மாடியிலும் நின்று சுவரைப் பார்த்தார். மூன்றாம் மாடியில், நீங்கள் இருங்கோ, நான் போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வாறன் என்றேன். அதற்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விழுந்தது.

நாகேந்திரம் மெலிந்த, உயரமான ஆள். கதவைத் திறந்து எங்களைக் கண்டதும், கிளெமென்ற் அனுப்பினவரோ என்று கேட்டார். உள்ளே வரச்சொன்னார். அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி அன்ரி குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முறைப்பாட்டை வாபஸ் எடுக்கச் சொல்லிக் கேக்க வந்தால், நேரத்தை மினக்கெடுத்தாதேங்கோ பிள்ளை," என்றார் நாகேந்திரம். குரலில் உறுதி இருந்தது. கண்ணில் இல்லை.

"நான் ஒன்டே ஒன்டுதான் கேக்க வந்தேன் ஐயா. நீங்க தனியப் போகக்குள்ளயும் காரோட கதவத் தூக்கித்தான் சாத்துவீங்களா?"

பதில் குசினிக்குள் இருந்து வந்தது.

"என்னோட போகேக்க ஒரு விரலாலதான் பூட்டுவார்," என்று ஜெகதீஸ்வரி அன்ரி தட்டோடு வந்தார். "ஸமீம் அண்ணை ஏறினாத்தான் உந்தத் தூக்கல். நானும் கனகாலமாக் கேக்கிறன், இவர் சொல்லுறாரில்லை."

நாகேந்திரம் கதிரையில் இருந்தார். அன்ரி அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டை வைத்துவிட்டுத் தானும் இருந்துவிட்டார்.

"முன் நுனியில கை வைக்க வாணாம் என்டு நீங்க மூணு தரம் செல்லியிருக்கீங்க," என்றார் பைறோஸா அக்கா. "அங்க என்ன ஈக்கி என்டு தெரிஞ்ச ஆள்தான் அப்பிடிச் செல்லுவார். ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே." அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "என்ர காரை எனக்குத் தெரியாதோ பிள்ளை? கதவைத் தொட்ட உடனை தெரிஞ்சிட்டுது. திரும்பி அவன்ர முகத்தைப் பாத்தன். ஆள் அரைவாசியாப் போயிருந்தான். எனக்காண்டி எங்கெங்கயோ அலைஞ்சிருக்கிறான் எண்டு விளங்கினது. அந்த முகத்துக்கு முன்னால, இது என்ர கார் இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. கதவைத் தூக்கிச் சாத்தினன். பிறகு அதை நிப்பாட்ட முடியாமப் போட்டுது."

"நாப்பது வருசமாவா?" என்றேன். எனக்கே என் குரல் பகிடியாகக் கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை அந்தப் பெடியன் ரெண்டு பேருக்கும் முன்னால நம்பரைக் காட்டிப்போட்டான். ஸமீமின்ர முகம் வெளிறிப் போச்சு. நான் ஏதாவது சொல்லவேணும். இது வேற ஆரோ செய்த வேலையெண்டு நான் நம்பிறதா அவனுக்குக் காட்டவேணும். பக்கத்தில நிண்டவன் கிளெமென்ற். வாயில வந்திட்டுது. ரோட்டில கத்தின பிறகு பொலிஸுக்குப் போகாட்டி ஸமீம் யோசிப்பான். இப்ப வாபஸ் எடுத்தாலும் ஏனெண்டு கேப்பான்."

பைறோஸா அக்கா எழுந்தார். முட்டு நோவோடு எழுந்ததால் கோபம் இன்னும் கூடித் தெரிந்தது.

"அவர் ஒங்களுக்காகப் பொய் செல்றார். நீங்க அவருக்காகப் பொய் செல்றீங்க. நல்ல விஷயம். ஆனா ஒங்க ரெண்டு பேர்ட மரியாதைக்கும் மறியலுக்குப் போறது மட்டக்குளியில வெல்டிங் அடிக்கிற ஒராள். அவர் உங்களுக்கு என்ன செஞ்ச ஐயா? சுரண்டாம விடச் சொன்ன எடத்தையும் ஒழுங்காச் சுரண்டினார். அவ்வளவுதான்."

நாகேந்திரம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அவருடைய மனைவி உள்ளே போய், ஸ்திரி போட்ட சேர்ட் ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார்.

அப்போது என் போன் அடித்தது. கிளெமென்ற். நேரத்தோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்.

"தம்பி, ஹாஜியார் இங்க வந்திருக்காரு," என்றார். "நம்பர வெட்டினது நான்தான்னு வாக்குமூலம் குடுத்துக்கிட்டு இருக்காரு. நாகேந்திரத்துக்கு மட்டும் சொல்லிடாதீங்கன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட கெஞ்சிறாரு. நான் என்ன செய்றதுன்னு தெரியல."

நான் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். நாகேந்திரம் எல்லாவற்றையும் கேட்டார். சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். நாலு மாடியும் எங்களுக்கு முன்னால் இறங்கினார்.

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், ஹாஜியார் சொல்லச்சொல்லப் பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தார். கிளெமென்ற் சுவரோரம் கிடந்த மர வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாகேந்திரம் நேரே மேசைக்குப் போய், மூச்சு வாங்கிக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "அந்த நம்பரை வெட்டி ஒட்டச் சொன்னது நான். ஸமீமுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

இன்ஸ்பெக்டர் பேனையைக் கீழே வைத்தார். காலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லாத வழக்குக்குப் பின்னேரத்தில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"பொய் செல்றான் சேர்," என்றார் ஸமீம் ஹாஜியார். "இவனுக்கு ஒன்டும் தெரியா. இவன் அப்ப கொழும்புலயே..."

அங்கே நிறுத்திவிட்டார். மெல்லத் திரும்பி நண்பரைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா நாகு?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ திறப்பைத் தந்த நாளில இருந்து."

ஹாஜியார் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மறுகா ஏன்டா செல்லல்ல?"

"நீ ஏன் சொல்லேல்லை?"

ஹாஜியாரின் கண் கலங்கியது. நாகேந்திரம் அவருடைய தோளில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர் என்று அக்கா சொன்னது சரிதான். முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைத்தார். இருவரின் வாக்குமூலத்தையும் எழுதினார். இது நீதவானிடம் போகும், நாள் வரும்போது இருவரும் வரவேண்டும், மோட்டார் திணைக்களம் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கார் ரோட்டில் ஓடக்கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் இருவரும் தலையாட்டினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

வாங்கின் ஓரத்தில் ஒருவர் இன்னும் இருந்தார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை.

பைறோஸா அக்கா இருமினார். காய்ச்சல்காரர் இருமுவது போலில்லை, வகுப்பு ஆசிரியை இருமுவது போல. நாகேந்திரம் திரும்பி வந்து கிளெமென்றின் முன்னால் நின்றார்.

"தம்பி, நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

கிளெமென்ற் எழுந்து நின்றார். மரியாதை குறையாமல்தான் பேசினார்.

"இங்க வாணாம் ஐயா. இங்க எனக்கு யாரையும் தெரியாது. என்னைக் கள்ளன்னு ரோட்டுல வச்சுத்தான் சொன்னீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்க."

நாகேந்திரம் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார், "வா போவோம்," என்றார்.

ஐந்தரைக்கு மட்டக்குளியில் கராஜ் வாசலில் காரை நிறுத்தினேன். வெயில் இறங்கியிருந்தது. நாகேந்திரம் ரோட்டு ஓரத்தில் நின்று, செவ்வாய்க்கிழமை கத்தின அதே குரலில் சொல்லப் பார்த்தார். குரல் உடைந்தது. மறுபடி தொடங்கினார்.

"இந்தக் கிளெமென்ற் களவெடுக்கேல்லை. இவர் ஒரு பிழையும் செய்யேல்லை. பொய் சொன்னவன் நான்."

"நானும்தான்," என்றார் ஹாஜியார், பக்கத்தில் நின்று.

சிகரெட் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். சைக்கிளில் வந்த மீன்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். கிளெமென்ற் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். உதட்டை அசைத்து எண்ணுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"பத்தாது ஐயா," என்றார். "மூணு பேர்தான். நாளைக்குக் காலையில ஏழரைக்கு வாங்க. எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்."

நாகேந்திரம் தலையாட்டினார். ஸமீம் ஹாஜியார், ஏழேகாலுக்கே வந்து நிற்போம் என்றார்.